இரண்டு டேப்லெட்டும் ஒரு தாய்மாமனும்

என் மூத்த மகளின் காதுகுத்தில் என் அண்ணன் சாப்பிடாமல் போனார். வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்கள் மதுரைப் பக்கம் தாய்மாமன் கறிச்சோறு சாப்பிடாமல் போனால் அந்த விசேஷமே நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அன்று பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்த விட்டார், சீர்த்தட்டுகளை இறக்கினார், பிள்ளை வீறிட்டபோது அவரும் கண்ணைத் துடைத்தார். பந்தி போடுகிற நேரத்தில் யாரிடமோ "போறேன்" என்று சொல்லிவிட்டு, அலங்காநல்லூர் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வண்டி ஏறிவிட்டார்.

காரணம் பேனர்தான் என்று எல்லோரும் முடிவு கட்டினோம். அந்தப் பேனரைப் பார்த்தவர்கள் யாரும் வேறு முடிவுக்கு வர முடியாது. பாதி பேனரில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் கைகூப்பி நின்றார். அவர் என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகனுடைய நண்பராம். விசேஷத்துக்கு அவர் வரவும் இல்லை. என் அண்ணன் இடது கீழ் மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தார், அதிலும் பாதி மீசையை ஒரு பலூன் மறைத்திருந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், பத்திரிகையும் பேனரும் வடிவமைப்பதுதான் என் தொழில். புதூரில் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் போட்டு, ஊரார் வீட்டுத் தாய்மாமன்களையெல்லாம் ஆள் உயரத்துக்கு நிற்க வைத்தவள் நான். "நம்ம வீட்டு விசேசத்துல நீ எதுக்கு வேல பாக்கணும்" என்று என் வீட்டுக்காரர் பெருந்தன்மையாக வெளியே கொடுத்த லட்சணம் அது. அவருடைய பெருந்தன்மைகளை நான் அப்போதிலிருந்து முன்கூட்டியே விசாரித்துவிடுகிறேன்.

அதற்குப் பிறகும் அண்ணன் வீட்டுக்கு வருவார். பேசுவார், சிரிப்பார், டீ குடிப்பார். சோறு என்றால் மட்டும் "இப்பத்தான் சாப்ட்டு வாரேன்" என்பார். காலை எட்டு மணிக்கும் அதே பதில், மத்தியானம் மூன்று மணிக்கும் அதே பதில். இப்படியே ஐந்து வருஷம். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

போன வருஷம் என் மகனுக்கு அழகர்கோவிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதென்று முடிவானதும் நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். பேனர் என் கையால். அண்ணனுக்குத் தனிப் பேனர். முழு மீசையோடு. இந்தத் தடவை அவர் சாப்பிட்டுத்தான் போக வேண்டும்.

சொல்லி ஒரு வாரத்தில் என் கம்ப்யூட்டர் செத்தது. பதினைந்து வருஷம் உழைத்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். பழுது பார்க்க வந்தவர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார். பிறகு மூடியை மூடினார்.

விஷயம் அண்ணன் காதுக்குப் போயிருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கத்திரிக்காய் மூட்டையோடு ஒரு வெள்ளை அட்டைப் பெட்டியும் வந்தது. பெரிய கடைக்குப் போய், "இருக்கிறதுலயே ஒசந்தது எதுவோ அதக் குடுங்க" என்று கேட்டு வாங்கியிருக்கிறார். பெட்டிக்குள் டேப்லெட். கண்ணாடி மாதிரி மேனி, விரல் பட்டால் வழுக்கும்.

"ஒன் வேலைக்கு ஆகும்ல ஆத்தா?" என்றார்.

"பின்ன ஆகாமயாண்ணே" என்றேன். டீ குடித்தார். சாப்பிடவில்லை.

ஆகவில்லை. என் சொத்தே ஒரு பென்டிரைவ்தான். அதில் இருநூற்றுச் சொச்சம் தமிழ் ஃபான்ட்டுகள். கல்யாணத்துக்கு வளைந்து நெளிந்து ஒன்று, மாட்டுக் கொம்பு வைத்த மாதிரி ஜல்லிக்கட்டுக்கு ஒன்று, கண்ணீர் அஞ்சலிக்குத் தலை குனிந்த மாதிரி ஒன்று. புதிதில் ஒருமுறை கண்ணீர் அஞ்சலி ஃபான்ட்டில் வளைகாப்புப் பத்திரிகை அடித்துக் கொடுத்து, அந்த வீட்டார் தெருவில் நின்று பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. இந்தப் பழைய ஃபான்ட்டுகளில் ஒரு சூட்சுமம் உண்டு. உள்ளே இருப்பதெல்லாம் இங்கிலீஷ் எழுத்துதான், ஃபான்ட் அதற்குத் தமிழ் வேஷம் கட்டிவிடும். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வேஷம் கலைந்து இங்கிலீஷ் எழுத்து பல்லை இளிக்கும்.

அண்ணன் கொடுத்த டேப்லெட்டுக்கு என் பென்டிரைவைக் கண்டாலே ஆகவில்லை. ஃபான்ட்டா, எங்கள் கடையில் உள்ளதை எடுத்துக்கொள் என்றது. அந்தக் கடையில் தமிழ் என்று இருந்த இரண்டும் பள்ளிக்கூடப் பாடப் புத்தகம் மாதிரி இருந்தன. அதை வைத்துத் தாய்மாமனை வரவேற்றால் பரீட்சைக்கு வரவேற்கிற மாதிரி இருக்கும். எங்கள் தொழிலில் எல்லோரும் கைக்குக் கை மாற்றிக்கொள்ளும் ஒரு சின்ன வடிவமைப்புச் செயலி உண்டு, அதைப் போடலாமென்றால் அதற்கும் மாட்டேன் என்றது. ஏன் என்றும் சொல்லாது. மரியாதையாக, சத்தம் போடாமல், முடியாது என்று ஒரு சின்னப் பெட்டி வரும். அதன் கீழே "சரி" என்று ஒரே ஒரு பொத்தான். முடியாது என்று சொல்லிவிட்டு நம்மையே சரி என்று சொல்ல வைக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பொத்தானை நகத்தால் குத்தினேன்.

மூன்றாம் நாள் எனக்குப் பிடிபட்டது. அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரரிடம் சத்தமாகச் சொன்னேன்.

"என்னங்க, இது டேப்லெட்டே இல்ல. மாமியார் வீடு. எல்லாம் பளபளன்னு இருக்கு, ஆனா ஒரு அலமாரிய நம்ம இஷ்டத்துக்குத் தொறக்க முடியல."

முன்னறையில் என் மாமியார் மொச்சை உரித்துக்கொண்டிருந்ததை நான் மறந்துவிட்டேன். உரிக்கும் சத்தம் நின்றது.

"மாமியார் வீடுன்னு எத சொல்ற? போலீஸ்காரன் சொல்றதயா, சனங்க சொல்றதயா?"

"டேப்லெட்டச் சொன்னேன் அத்த."

"அதான் கேக்குறேன். எத?"

என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போய்விட்டார். வீட்டில் அப்போது இரண்டு பாக்கெட் பால் இருந்தது.

அந்த சனிக்கிழமை நானும் அவரும் டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடைக்குப் போனோம். பையில் அண்ணன் தந்ததையும் எடுத்துப் போனேன், கூடவே என் பென்டிரைவ். கடைக்காரர் அதன் பக்கத்தில் இன்னொரு டேப்லெட்டை எடுத்து வைத்தார். கொஞ்சம் தடி, கொஞ்சம் மங்கல், முதுகில் கீறல் விழுகிற பிளாஸ்டிக். பென்டிரைவைச் சொருகினேன். கேள்வியே கேட்காமல் திறந்தது. என் இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகளும் வரிசையாக வந்து நின்றார்கள். கடையில் அழக்கூடாது என்பதற்காக விலைச்சீட்டைப் படிக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"அக்கா, ஒண்ணு சொல்லிர்றேன்" என்றார் கடைக்காரர். "பூட்டுனதுல வைரஸ் வராது, ஹேங் ஆகாது, பத்து வருசம் அப்படியே இருக்கும். இது தொறந்த வீடு. எது வேணாலும் உள்ள வரும். வந்தா உங்க பொறுப்பு."

"எனக்கு எம்பொறுப்புதான் வேணும் தம்பி."

செயலியைப் போட்டுப் பார்த்தேன். தெரியாத இடத்திலிருந்து வருகிறது, தீங்கு விளைவிக்கலாம் என்று எச்சரிக்கை வந்தது. என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார்.

"தீங்குன்னு போட்ருக்கு."

"உங்களக் கட்டும்போது இம்புட்டுகூடப் போடல" என்று சொல்லிவிட்டு அழுத்தினேன். கடைக்காரர் சிரிக்காமலிருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார். திறந்ததையே வாங்கினோம்.

பூட்டியதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. அண்ணன் வாங்கித் தந்தது. அதனால் அது மாமியாரிடம் போனது. இரண்டே நாளில் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். சீரியலைத் தொட்டால் சீரியல் வரும், வேறு எதையும் தொட்டால் ஒன்றும் ஆகாது. "இதுல நாம ஒண்ணும் செய்ய முடியாதுல்ல, அதான் நல்லாருக்கு" என்றார். அந்தக் கருவியைப் பற்றி இதைவிடத் தெளிவாக இன்று வரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அண்ணன் வருகிற நாட்களில் மட்டும் அதை மாமியாரிடமிருந்து கெஞ்சி வாங்கி என் மேசை மேல் வைப்பேன். என்னுடையது மெத்தைக்கு அடியில் போய்விடும்.

என்னுடையதோ அம்மா வீடு. எதை வேண்டுமானாலும் திறக்கலாம், எதுவும் வைத்த இடத்தில் இருக்காது. என் வீட்டுக்காரர் ராசிபலன் ஒன்றைப் போட்டார். அது நான் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை அடித்துக்கொண்டிருக்கும்போது திரையை மறைத்து, இன்று புது முயற்சிகளைத் தவிர்க்கவும் என்றது. டார்ச் செயலி ஒன்று என் தொடர்பு எண்களையெல்லாம் பார்க்க அனுமதி கேட்டது. வெளிச்சம் போட என் நாத்தனார் நம்பர் எதற்கு என்று தெரியவில்லை. இடத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று தானாக வந்து நுழைந்த ஒன்று, பதினோரு பத்திரிகைகளைச் சுத்தம் செய்துவிட்டுக் கைதட்டும் சத்தம் வேறு கொடுத்தது. மாமியார் இதையெல்லாம் தன் பூட்டிய டேப்லெட்டுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மொச்சையைக் கொஞ்சம் வேகமாக உரித்தார்.

ஆனாலும் அண்ணன் பேனர் பிறந்தது. "அண்ணன் ஃபைனல்", "அண்ணன் ஃபைனல் புதுசு", "அண்ணன் ஃபைனல் இதுதான்" என்று மூன்று ஃபைல்களைத் தாண்டி, "அண்ணன் இனி தொடக்கூடாது" என்ற நாலாவதில் நின்றது. பத்தடி உயரத்தில் அண்ணன். பட்டு வேட்டி, தோளில் துண்டு, மீசையின் இரண்டு முனையும் பேனரின் இரண்டு ஓரத்தைத் தொடுகிற மாதிரி. மேலே கொம்பு வைத்த ஃபான்ட்டில், வருக வருக தாய்மாமன். பலூன் ஒன்றுகூட இல்லை. பலூன் மேல் எனக்கு அப்போது ஜென்மப் பகை.

ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர் போன் செய்தார். "அக்கா, ஓப்பன் ஃபைலா அனுப்புங்க, சைஸு நாங்க மாத்திக்கிறோம்." மாற்றம் செய்கிற மாதிரி மூட்டை கட்டாமல் அனுப்புவதற்கு எங்கள் தொழிலில் ஓப்பன் ஃபைல் என்று பெயர். அப்படி அனுப்புவதென்றால் முதலில் எழுத்தையெல்லாம் படமாக மாற்ற வேண்டும், கர்வ் பண்ணுவது என்போம். இல்லையென்றால் கூடவே ஃபான்ட்டையும் அனுப்ப வேண்டும். இது இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம். நானே மூன்று பெண்களுக்குத் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒரு வாரம் முடியாது என்ற பெட்டியோடு மல்லுக்கட்டி வந்தவளுக்கு, தொட்டதெல்லாம் திறக்கிற, கேட்டதெல்லாம் போகிற அந்த சுகம் தலைக்கேறியிருந்தது. ஒரே தொடலில் அனுப்பினேன். போய்விட்டது. எவ்வளவு லேசாகப் போனது என்று என் வீட்டுக்காரரிடம் பெருமை வேறு.

விசேஷத்தன்று காலை, அழகர்கோவில் அடிவாரத்தில் நாங்கள் பிடித்திருந்த தோப்பு மண்டபத்தில் போய் இறங்கினோம். சமையல் ஆட்கள் ஆட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் பேனர் கட்டி முடித்திருந்தார்கள். அண்ணன் பிரமாதமாக நின்றார். அவர் தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் இப்படி எழுதியிருந்தது:

tUf tUf jha;khkd;

என் வீட்டுக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார். "டஃப் டஃப் ஜா... காக்டு." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "இது மச்சானுக்கு என்ன பட்டம்?" என்றார்.

ஃப்ளெக்ஸ்காரருக்குப் போன் போட்டேன். "நான் வேற பாசைன்னு நெனச்சுட்டேங்க்கா. உங்க சைடுல வெளிநாட்டுக்காரக யாரும் வாராகளோன்னு." அலங்காநல்லூரிலிருந்து வருகிற ஆளுக்கு.

கழற்றலாமென்றால் மாமியார் விடவில்லை. நல்ல நாளில் தாய்மாமன் முகத்தைத் தரையில் சாய்ப்பதா என்றார், அதில் நியாயம் இருந்தது. சேலையைப் போட்டு மறைக்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். போட்டுப் பார்த்தோம். அண்ணன் முக்காடு போட்ட மாதிரி ஆகிவிட்டார். எடுத்துவிட்டோம். "கேட்டா இங்கிலீசுன்னு சொல்லிருவோம். பேரனுக்கு இங்கிலீசு மீடியம்தான" என்று மாமியார் ஒரு யோசனை சொன்னார். அந்த நேரத்தில் போன் அடித்தது. அண்ணன்.

"அப்பன்திருப்பதி தாண்டிட்டோம் ஆத்தா. வந்துக்கிட்டே இருக்கோம்."

ஒரு பேனருக்காக ஐந்து வருஷம் பட்டினி. இந்தப் பேனரைப் பார்த்தால் ஆயுசுக்கும் என் வீட்டில் சோற்றில் கை வைக்க மாட்டார். அதுவும் இந்தத் தடவை வெளியாள் மேல் பழி போட முடியாது, அடித்தது நான். என்ன செய்கிறேன் என்று யோசிக்கவே இல்லை. செருப்புகூடப் போடாமல், கையில் கிடைத்த ஆரத்தித் தட்டோடு மெயின் ரோட்டுக்கு ஓடினேன். அவரை ரோட்டிலேயே பிடித்து, சமையல் கொட்டகை வழியாகப் பின்பக்கமாக உள்ளே கொண்டுபோய்விட வேண்டும். அது ஒன்றுதான் திட்டம்.

அண்ணன் வந்த வேனைக் கை காட்டி நடுரோட்டில் நிறுத்தினேன். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. அண்ணன் பதறி இறங்கினார்.

"என்னாத்தா, என்ன ஆச்சு?"

"வாங்கண்ணே. வாங்க. ஒண்ணும் ஆகல, வாங்க. மதினி, வாங்க. எல்லாரும் வாங்க." மூச்சு வாங்க வாங்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன். வாயை மூடினால் அவர் தலையை நிமிர்த்திப் பேனரைப் பார்த்துவிடுவார் என்ற பயம். தட்டில் ஆரத்தி சிந்திப் பாதிதான் இருந்தது, அதை வைத்தே சுற்றினேன். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வெங்காயம் உரிக்கிறவர்களையும் தாண்டி, ஆட்டுத்தலையையும் தாண்டி, பின்வாசலில் ஏற்றினேன். தாய்மாமனை ஆட்டுத்தலை வழியாக அழைத்து வந்த வீடு அந்த வட்டாரத்திலேயே எங்கள் வீடாகத்தான் இருக்கும். அண்ணன் வழி நெடுக என் கையை விடவில்லை.

காது குத்தி முடிந்தது. முதல் பந்தி போட்டார்கள். நான் அவரைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் போய் நடுவில் உட்கார்ந்தார். இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். சோற்றைப் பிசைந்து முதல் வாய் வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, குழம்பு வாளியை வாங்கிக்கொண்டு நானே பரிமாறப் போனேன்.

அவர் இலைக்கு எதிரில் குனிந்ததும் என்னால் மறைக்க முடியவில்லை. "அண்ணே, பேனர்ல எழுத்தெல்லாம் தப்பாப் போச்சுண்ணே. நாந்தான் அடிச்சேன்."

"பாத்தேனே, வேன்ல வரும்போதே தெரிஞ்சுச்சு. எம்மூஞ்சி நல்லா விழுந்திருக்கு. எழுத்த எவன் வாசிக்கிறான்."

"போன தடவ அந்தப் பேனருக்குத்தானண்ணே நீங்க சாப்டாமப் போனீக?"

அவர் எலும்பை இலை ஓரத்தில் வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். "பேனரா? அன்னைக்கு சீர்த்தட்டோட வாசல்ல அர மணி நேரம் நின்னேன் ஆத்தா. வாங்கன்னு ஒரு வார்த்த கேக்க ஆளில்ல. நீ எங்கன்னு கேட்டா, பேனர்ல படம் சின்னதாப் போச்சுன்னு உள்ள யார்கூடயோ போன்ல சண்ட போட்டுக்கிட்டு இருக்கன்னாக."

உண்மைதான். அவர் படத்துக்காகத்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் நிற்கும்போது.

"இன்னைக்கு ரோட்டுக்கே ஓடியாந்தியே" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "இன்னும் கொஞ்சம் ஊத்து."

ஊற்றினேன். பாதி இலைக்கு வெளியே போய்விட்டது.